நாமினி இடத்தில் எழுதிய பெயர்

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் அது. புதுச்சேரி சாரத்தில் எங்கள் தெருப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு சுய உதவிக் குழு நடத்திக்கொண்டிருந்தோம். ஒருத்தி வாங்கிய கடனுக்கு மற்ற பத்தொன்பது பேரும் பொறுப்பு. அதனால் எங்களுக்குள் ஒரு கண்டிப்பு உண்டு. தலைவியிடம் யாரும் தனியாகக் குசுகுசுவென்று பேசக் கூடாது. எதுவானாலும் கூட்டத்தில் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். தலைவி நான்தான். அந்தக் கண்டிப்பைக் கொண்டுவந்தவளும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

கடல் பொங்கிப் போனபிறகு எல்லாருக்கும் உயிர்ப் பயம் வந்துவிட்டது. குழுவாகச் சேர்ந்து காப்பீடு எடுத்தால் ஆளுக்கு வருடம் நூறு ரூபாய்தான், யாராவது இறந்தால் முப்பதாயிரம் கிடைக்கும் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டத்தில் இருபது படிவங்களையும் நானே நிரப்ப உட்கார்ந்தேன். இறந்தபின் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதும் நாமினி இடத்துக்கு நான் யாரையும் கேட்கவில்லை. கடகடவென்று அவரவர் வீட்டுக்காரர் பெயரை எழுதித் தள்ளினேன்.

குழுவில் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் ஒரு பெண் இருந்தாள். ஒரு தவணைகூடத் தள்ளிப் போட்டதில்லை. கணவன் திருப்பூரில் வேலை செய்கிறான் என்பாள். ஏழாவது படிக்கும் ஒரே மகள். அவள் முறை வந்தபோது என் காதருகே குனிந்து, "அவர் பேரு வேணாங்க்கா. எம்பொண்ணு பேர போட்டுடுங்க" என்றாள்.

மகள் சின்னப் பெண் என்றால் காப்பாளர் யார், அவர் கையெழுத்து எங்கே என்று வேலை இழுக்கும். எனக்கோ வீட்டில் அடுப்பு வேலை கிடந்தது. போதாததற்கு, இவள் ரகசியம் பேசுகிறாளே என்ற எரிச்சல் வேறு. எல்லாருக்கும் கேட்கும்படி, "இங்க பாருங்கடி, இவளுக்கு வீட்டுக்காரர் பேரு வேணாமாம். என்னடி, சண்டையா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சும்மா சொன்னேன் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வருடம் அவளுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கவனிக்காமல் வேலைக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த எட்டாம் நாள் போய்விட்டாள்.

வீராம்பட்டினத்தில் மீன் விற்கும் அவள் தங்கை, காரியத்தன்று சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. கணவன் திருப்பூரில் இல்லை. பாகூர் பக்கம் வேறொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். நாலு வருடமாக வீட்டுக்குச் சல்லிக்காசு தந்ததில்லை. புருஷன் விட்டுப்போனவள் என்று தெரிந்தால் குழுவில் தனக்கு யார் ஜாமீன் நிற்பார்கள் என்று பயந்து எங்களிடம் மறைத்திருக்கிறாள். அந்தப் பயம் வீண் பயம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. அப்படி ஒருத்தி கடன் கேட்டு வந்திருந்தால் நானே யோசித்திருப்பேன்.

துக்கத்துக்கு ஒருநாள் தலைகாட்டியவன், அடுத்த வாரம் இறப்புச் சான்றிதழோடு என் வாசலில் நின்றான். தலைவியின் கையெழுத்து வேண்டுமாம். நான் போடாமல், தங்கையை அழைத்துக்கொண்டு இரண்டு முறை காப்பீட்டு அலுவலகத்துக்கு அலைந்தேன். அங்கிருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில் படிவத்தை என் பக்கம் திருப்பி, "உங்க கையால எழுதினதுதானேம்மா இது?" என்றார். கோர்ட்டுக்குப் போகலாம் என்று யாரோ சொன்னார்கள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தத் தங்கை எத்தனை நாள் அலைவாள்? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பணத்தை வாங்கிக்கொண்டு போனவன் மகளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த வருடம் குழுச் சேமிப்பிலிருந்து அவளுக்குப் புத்தகமும் சீருடையும் வாங்கிக் கொடுத்தோம். அடுத்த வருடம் எங்களுக்கே ஆயிரம் கஷ்டம், நின்றுபோயிற்று. பத்தாவதோடு அவளும் தையல் கம்பெனிக்குப் போய்விட்டாள்.

அப்பன் பணத்தோடு போன அந்த மாதமே, சித்தி வீட்டுக்குக் கிளம்பிய அன்று அவள் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்திருந்தாள். "எம்பேர போடச் சொல்லி உங்ககிட்ட சொல்லியிருக்கேன்னு அம்மா ஆஸ்பத்திரில சொல்லிச்சு பெரிம்மா. நீங்க பாத்துப்பீங்கன்னுச்சு" என்றாள். நான் எழுதத்தான் எழுதினேன், இன்சூரன்ஸ் கம்பெனியில் என்னமோ மாற்றிவிட்டார்கள் என்று அந்தக் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே பொய் சொன்னேன்.

அவள் நம்பினாள். இப்போதும் கடைத்தெருவில் கண்டால் பெரிம்மா என்று ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. இங்கே யார் பெயரையும் நான் எழுதவில்லை. ஆனாலும் இதைப் படித்தால் தன் கதை என்று அவளுக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும், நேரில் சொல்ல இத்தனை வருடமாக எனக்கு வாய் வரவில்லை.