ஊதா நிறம் வராத முருகை

அந்தக் கண்ணாடித் தொட்டி எங்கள் வெள்ளவத்தை பிளாட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதியில்லை. சண்டைக் காலம். அவுஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட கந்தோரில் கூட வேலை செய்த நண்பர் ஒருவர் கடல்மீன்களோடும் உயிருள்ள பவள முருகைகளோடும் அதை என் கணவரிடம் விட்டுப்போனார். அந்த நண்பர் வீட்டில் நானும் பார்த்திருக்கிறேன்: முருகைக் கொப்புகள் நல்ல ஊதா, நுனி மட்டும் நீலம். எங்களிடம் வந்து சில மாதங்களில் எல்லாம் மண்ணிறமாகிவிட்டது. சாகவுமில்லை. தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஒரு நிறத்தில் சும்மா நின்றது.

மனுசன் விடவில்லை. பெரிய லைட் வாங்கிப் பூட்டினார். உயர்த்திக் கட்டினார், பிறகு இறக்கிக் கட்டினார். தண்ணீர்தான் பழுதாம் என்று ஞாயிறு தோறும் என்னையும் இழுத்துக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டிப் போய்ப் பிளாஸ்டிக் கலனில் கடல்நீர் அள்ளிவந்தார். காவலரணில் நின்ற ஆமிக்காரன் "மொகக்த மே?" இதென்ன என்று மறித்தான். மீனுக்குத் தண்ணீர் என்று இவர் சிங்களத்தில் சொன்னார். அவன் விரலை விட்டு நக்கிப் பார்த்துத் துப்பிவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. அடையாள அட்டையைக் காட்டிக் கடல் தண்ணீர் காவுகிற குடும்பம் கொழும்பில் வேறு உண்டா?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடிருந்த மாமி, இவருடைய அம்மா, அதைக் கேட்டுச் சிரித்தார். "எங்கட ஊரில முருகைக்கல்லில மதில் கட்டுறது. இவன் லைட் போட்டுக் காவல் இருக்கிறான்!" மாமி சிரிப்பதே அபூர்வம். அவருடைய இளைய மகன் ஊரில் சைக்கிளில் சந்திக்குப் போனவன், திரும்பி வரவில்லை. பிடித்தார்களா, பிடித்தது யார், ஒன்றும் தெரியாது. விசாரிக்காத இடமில்லை.

நிறம் ஏன் வரவில்லை என்று நானும் மண்டையைப் போட்டு உடைத்தேன். ஒரு மத்தியானம் அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தால், மாமி தொட்டி மூடியைத் திறந்து ஒரு பிடி சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். குழம்பு விட்டுப் பிசைந்த சோறு! மீன்கள் தின்றது பாதி, மிச்சம் முருகைக்கு இடையில் போய் அழுகிக் கிடந்தது.

"ஐயோ மாமி! என்ன வேலை பாக்கிறியள்? இந்தச் சோறு அழுகித்தானே இதுகள் இப்பிடிக் கறுக்குது! அவர் கடலை அள்ளிக்கொண்டு வாறார், நீங்கள் அன்னதானம் குடுக்கிறியள்!"

மாமி மூடியை மெல்ல வைத்தார். "அவன்ர பங்கு, பிள்ளை. சாப்பிட முதல் ஒரு பிடி எடுத்து வைக்காட்டி எனக்குத் தொண்டைக்குள்ள இறங்காது."

"அப்ப பல்கனியில காகத்துக்கு வையுங்கோவன்."

"காகத்துக்கு வைக்கிறது செத்தவைக்கு."

மாமாவின் திவசத்துக்குக் காகத்துக்குச் சோறு வைத்தவள் நான்தான். அது எனக்கு உறைக்கவில்லையே! இவரிடம் சொல்வதா, விடுவதா? சொன்னால் முருகை தப்பும், மாமி என்ன ஆவார்? ஒன்றும் விளங்காமல் பேசாமல் இருந்துவிட்டேன்.

பிறகொரு நாள் இவர் தொட்டிக்கு முன்னால் களைத்துப்போய் இருந்தார். "எனக்கு ஒண்டுமே சரிவராதம்மா. தம்பியையும் தேடித் தர ஏலாமல் போச்சு. இதையாவது ஒழுங்கா வளப்பம் எண்டு பாத்தன்." மாமி அவர் தலையைத் தடவிவிட்டுச் சமையலுக்குக் குசினிக்குள் போனார்.

சில கிழமைகளில் நுனிகளில் நீலம் எட்டிப்பார்த்தது. அடுத்தடுத்துக் கொப்பெல்லாம் ஊதா. இவர் துள்ளினார். "இஞ்ச வந்து பாரும்! லைட்தான் வேலை செய்திருக்குது!" எனக்கும் சந்தோசம் பொங்கியது. மாமியைக் கூப்பிடப் பல்கனிக்கு ஓடினேன்.

கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறு. காகம் கொத்திக்கொண்டிருந்தது. மாமி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவன் இல்லை என்று முடிவு கட்டிவிட்டாரா? "மாமி, ஏதும் செய்தி வந்ததோ?"

"ஒரு செய்தியும் இல்லை, பிள்ளை. இருக்கிறவனாவது சிரிக்கட்டும்."

உள்ளேயிருந்து இவர், "அம்மா, கெதியா வாங்கோ!" என்று கத்தினார். மாமி கையைச் சேலையில் துடைத்தார். "வாறன், ராசா," என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.