ஏலக்காய் நிறைந்திருந்த கடை

பாரிஸ் போகிறவர்கள் அங்குள்ள தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நான் முதலில் அங்கே போனது 1986 நவம்பரில், ஊர் சுற்ற அல்ல, ஏலக்காய் விற்க.

அப்போது தான்சானியாவின் தாங்கா துறைமுகத்தில் ஒரு குஜராத்தி முதலாளியிடம் வேலை பார்த்தேன். தாங்காவை வாழவைத்தது கற்றாழை நார். நைலான் கயிறு வந்து அதன் கழுத்தை நெரித்துவிட்டது. காப்பி அரசாங்கத்தின் கையில். ஏலக்காய் போன்ற சிறு பயிர்களில் மட்டும் தனியாருக்குக் கொஞ்சம் இடம் கிடைத்திருந்தது. உசம்பரா மலையில் விளைந்ததை வாங்கிக் கிடங்கு நிறைய அடுக்கியிருந்தோம். "ஐரோப்பாவில் சரக்கு வாங்க ஒரு ஆள் பிடி, இல்லையென்றால் கிடங்கைப் பூட்டிவிடுவேன்" என்றார் முதலாளி. கிடங்கைப் பூட்டினால் என் பிழைப்பும் போச்சு.

ரொய்சி விமான நிலையத்திலிருந்து கார் து நோர் ரயில் நிலையம் வரை ரயிலில் அரை மணி நேரம். அங்கிருந்து லா சப்பலின் ரூ காய் தெரு பத்து நிமிட நடை, டாக்சிக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை. இன்றைக்குப் போல வரிசையாகக் கடைகள் கிடையாது, தமிழ்ப் பலகைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்றில் மட்டும் வெளிச்சம் தெரிந்தது.

உள்ளே போனதும் கால் நின்றுவிட்டது. சுவரை ஒட்டிக் கூரைவரை தட்டுகள், எல்லாம் வெறுமை. எல்லாவற்றையும் தூசியில்லாமல் துடைத்து வைத்திருந்தார்கள். சாமி படத்தின் முன் ஒரு விளக்கு. அதன் பக்கத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார். மேம்பாலத்தில் மெட்ரோ போகும் சத்தம் கேட்டது, மூலையிலிருந்த காலி டின் ஒன்று தானாகக் கிணுகிணுத்து அடங்கியது.

"வாங்கோ தம்பி" என்றார்.

சரக்கைக் காட்டுமுன் கையிருப்பை விசாரிப்பது தொழில் வழக்கம். "ஏலக்காய் இருக்கா?"

"நிறைஞ்சிருக்கு."

வெறும் தட்டைப் பார்த்தேன். "பருப்பு?"

"அதுவும் நிறைஞ்சிருக்கு." சிரிப்பில்லை, கோபமில்லை.

தார் எஸ் சலாமில் காலிக் கடைகளை நிறையப் பார்த்தவன் நான். சோப்பு, சர்க்கரை, எதைக் கேட்டாலும் "ஹக்குனா", இல்லை என்பார்கள். அது பழகிவிட்டது. காலியான கடைக்குள் உட்கார்ந்து எல்லாம் நிறைந்திருக்கிறது என்று சொல்பவரை அன்றுதான் பார்த்தேன். பேச்சை மாற்றினால் சரியாகும் என்று, "வீட்டுல எல்லாரும் இங்கதானா அண்ணே?" என்றேன்.

அவர் விளக்கைப் பார்த்தார். "யாழ்ப்பாணத்திலை. வீடு நிறைஞ்சிருக்கு."

மாதிரிச் சரக்கு இருந்த பையைத் திறக்கவே இல்லை. போய் வருகிறேன் என்று முணுமுணுத்து வெளியே ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

தங்கியது பாரிஸ் புறநகரான சார்செல்லில், அப்பாவின் நண்பர் மகள் செலின் வீட்டில். புதுச்சேரிக்காரி, தபால் நிலையத்தில் வேலை. நடந்ததைச் சொல்லி, "பாவம், புத்தி பிசகிய மனுஷன்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கணவர் எழுந்து வந்துவிட்டார்.

"நிறைஞ்சிருக்குன்னா இல்லன்னு அர்த்தம். விளக்கு வெச்ச நேரத்துல இல்லைங்கற வார்த்தையைச் சொல்லக்கூடாது. அரிசி தீர்ந்தா எங்கம்மாவும் அப்படித்தான் சொல்லும். நாங்க மாதா கோயிலுக்குப் போறவங்கதான், அரிசிப் பானைக்கு ஏது மதம்? இதுகூட உங்க வீட்டுல சொல்லித் தரலியா?"

தரவில்லை. அம்மா நான் குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டாள். ரயில்வே குமாஸ்தாவான அப்பாதான் தாங்காவில் எனக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார். அடுக்களைத் தமிழ் அவருக்கே தெரியாது.

மறுநாள் காலை முதல் வேலையாக ரூ காய். வெயில் கண்ணாடிவழி உள்ளே விழுந்திருந்தது, விளக்கு இல்லை. "ஏலக்காய்?" என்றேன்.

"ஒண்டும் இல்லை தம்பி" என்று சாதாரணமாகச் சொன்னார். "சாமான் முழுக்கத் துவானிலை நிக்குது. ஏதோ பேப்பர் பிழையாம். சனம் வந்து வெறுங்கையோட திரும்புது."

துவான் என்றால் சுங்கம். பையைத் திறந்தேன். ஒரு காயை உரித்து முகர்ந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஓம், நல்ல சரக்கு. விமானத்திலை அனுப்புவியளோ?" அவரும், அவருக்குத் தெரிந்த இரண்டு கடைக்காரர்களும் எடுப்பதாக முடிவாயிற்று. கிடங்கு பிழைத்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கதவைத் திறந்து வெளியே ஒரு கால் வைத்த பிறகுதான் அந்தக் கடைசி பதில் நினைவுக்கு வந்தது. வீடு நிறைஞ்சிருக்கு. ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்த வருடம் அது. வாசலிலேயே திரும்பி நின்றேன். "அண்ணே, நேத்து வீட்டைப் பத்தி..."

அவர் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"அதைப் பகலிலை கேக்காதேங்கோ தம்பி."

இப்போது அங்கே போகிறவர்களுக்கு: சார்செல்லிலிருந்து வருவது சுலபம், ஆர்.இ.ஆர். டி ரயில் நேராகக் கார் து நோரில் இறக்கிவிடும். குளிர்காலத்தில் கையுறை மறக்காதீர்கள். கடைக்காரர்களிடம் வியாபாரம் பேசுவதென்றால் காலையில் போங்கள், இல்லாததை இல்லை என்பார்கள். வீட்டில் எல்லாரும் சுகமா என்று கேட்பதாக இருந்தால் மட்டும், விளக்கு வைக்கும்வரை காத்திருங்கள்.