கலிப்பருக்கு வைத்த சந்தனம்

அளவு விஷயத்தில் என்னோடு யாரும் வாதாட வரவேண்டாம். கெபெக்கில் புவாண்ட்-கிளேர் என்ற இடத்தில் உலோக உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் நான் பரிசோதகர். இயந்திரத்திலிருந்து வருகிற ஒவ்வொரு பெட்டியும் என் மேசையைத் தாண்டித்தான் வெளியே போகும். நான் இல்லை என்றால் இல்லைதான். முதலாளியே வந்து பல்லைக் காட்டினாலும் போகாது. வீட்டிலும் இவள் இப்படித்தான் என்று என் மனுசன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். சொல்லட்டும், எனக்கென்ன.

அவருக்கு ஒரு கண்தான். வலது கண் ஊரில் போர்க்காலச் செல்லடியில் போனது. நாங்கள் கலியாணம் செய்யும்போதே அப்படித்தான். அதைப் பற்றி அவர் அதிகம் கதைக்கமாட்டார், நானும் கிளறுவதில்லை. மற்றக் கண்ணால் கார் ஓட்டுவார், லொங்குய்யில் ஒரு வெயர்ஹவுஸில் போர்க்லிப்ட் ஓட்டுவார், மீனில் முள் எடுப்பார். கடைசியில் அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மான் வேட்டைக்கும் வெளிக்கிட்டார்.

பழக்கியவர் அவரோடு வேலை செய்யும் ஒரு கெபெக் மனிதர். இவரும் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிப் பத்திரமெல்லாம் முறைப்படி எடுத்தார். செய்தி பரவியதும் வில்லரேயில் இருக்கும் என் தங்கை தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். துவக்குக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்த ஆட்கள் திரும்பவும் துவக்குத் தூக்குவதா, அத்தானுக்கு என்ன விசரா என்று கேட்டாள். நானும் அதையேதான் கேட்டேன், அவளைவிடச் சத்தமாக. சமைத்ததை மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். ஒன்றும் எடுபடவில்லை. முதல் முறை காட்டுக்குப் போய் வந்தவர் வெறுங்கையோடுதான் வந்தார். ஆனால் அன்றைக்கு அவர் நித்திரை கொண்ட மாதிரி இந்த நாட்டுக்கு வந்த காலத்திலிருந்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

இதோடு நின்றால் பரவாயில்லை. அடுத்த வருடம் துவக்கு ரவையையும் தானே செய்யப்போவதாக நிலவறையில் ஒரு மேசை போட்டார். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைச் சேர்த்துத் துப்புரவாக்கி, திரும்பவும் வெடிமருந்து போட்டு, முனையில் ஈயக்குண்டை அழுத்திப் பொருத்துகிற வேலை. பார்க்கச் சமையல் போலத்தான் இருக்கும். சமையலில் உப்புக் கூடினால் கறி கெடும். இதில் பிழை விட்டால் முகம் கெடும். சுட்ட கோது வெடித்த அழுத்தத்தில் கொஞ்சம் நீண்டுவிடுமாம். அதைப் புத்தகத்தில் சொல்லியிருக்கும் நீளத்துக்கு வெட்டியெடுக்க வேண்டும். நீளம் கூடினால் அதன் வாய் குழலுக்குள் நெரிபட்டு, குண்டை விடாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே அழுத்தம் எகிறும். அந்த இரும்பெல்லாம் இருப்பது சுடுகிற ஆளின் கன்னத்துக்குப் பக்கத்தில், இவரைப் போல இடது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது கண்ணுக்குப் பக்கத்தில். இதை அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார், ஏதோ காலநிலை சொல்வது போல. அந்த நிமிடத்திலிருந்து அந்த மேசை என் மேசையும்தான் என்று முடிவெடுத்துவிட்டேன்.

அவர் அளப்பதற்கு வைத்திருந்தது மலிவு விற்பனையில் வாங்கிய ஒரு பிளாஸ்ரிக் கலிப்பர், இரண்டு தாடைக்கு நடுவில் சாமானைப் பிடித்து அளக்கும் கருவி. நான் வாங்கிப் பார்த்தேன். மூடினால் பூச்சியம் காட்டியது. திறந்து மூடினேன், வேறொன்று காட்டியது. இன்னொரு முறை மூடினேன், மூன்றாவதாக ஒன்று சொன்னது. பூச்சியத்தையே ஒழுங்காகச் சொல்லத் தெரியாத சாமான் மற்றதை என்னத்தைச் சொல்லப்போகிறது? நேரே குப்பை வாளிக்குள் போட்டேன். அவர் எடுக்கக் குனிந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

அந்தச் சனிக்கிழமையே அவரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்காரர்கள் வாங்கும் கடைக்குப் போனேன். அங்கே பிரெஞ்சில் இதற்கு பியே-அ-கூலிஸ் என்று பெயர். ஊரில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது வேணியர் இடுக்கிமானி. என்னைக் கேட்டால் அந்தப் பழைய கோட்டு வேணியரைத்தான் எடுப்பேன். பற்றரி இல்லை, பல்லுச் சக்கரம் இல்லை, பேரப்பிள்ளை காலம்வரை கிடக்கும். ஆனால் பாவிக்கப் போவது நானில்லையே. அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். வெளிச்சத்துக்குத் திருப்பினார், கிட்டே பிடித்தார், தூரப் பிடித்தார், ஒவ்வொரு முறையும் பக்கத்துக் கோட்டை வாசித்தார். நான் அதை வாங்கித் திரும்ப வைத்தேன். முள் சுற்றுகிற வகை அடுத்தது. அதன் பல்லுக்குள் பித்தளைத் தூள் விழுந்தால் முள் துள்ளும், எங்கள் பட்டறையில் எத்தனையைக் கழித்திருக்கிறேன். மிஞ்சியது பெரிய எண்ணாகக் காட்டும் டிஜிற்றல்தான்.

அதிலும் கண்டதையெல்லாம் வாங்கமுடியாது. உடம்பு முழுக்கக் கடின உருக்கு. தாடையை அசைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. தண்டில் ஓடவிட்டேன், ஓரிடத்திலும் தடக்கவில்லை, ஓரிடத்தில் இளகவும் இல்லை. மூடி மூடித் திறந்தேன், ஒவ்வொரு முறையும் அதே பூச்சியம். கடைசியாக மூடிய தாடையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வரவில்லை. கடைக்காரப் பையன் என்னைப் பார்த்த பார்வையிலிருந்து எனக்கு மரியாதை கூடியது தெரிந்தது. இதுதான் என்று கொடுத்தேன்.

டிஜிற்றலில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான், அந்தப் பூச்சியப் பொத்தான். எங்கே வைத்து அழுத்தினாலும் அதுதான் பூச்சியம் என்று சத்தியம் செய்யும். அதனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே பாட்டுப் பாடினேன். அழுத்த முன்னம் தாடையைத் துடையுங்கோ, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கோ, பிறகு அழுத்துங்கோ. அவர் தலையாட்டினார். கலியாணம் கட்டிய ஆம்பிளைகள் எல்லோரும் ஆட்டுகிற ஆட்டு.

புரட்டாதி முடியச் சரஸ்வதி பூசை வந்தது. இங்கே அதற்கு லீவா கிடைக்கும்? நான் வேலையில் நின்றேன், அவருக்கு அன்று வேலை இல்லை. முதல் நாளே எனக்கும் அவருக்கும் ஒரு பேச்சுவார்த்தை நடந்திருந்தது. ஆயுத பூசைதானே, துவக்கையும் சாமிக்கு முன்னால் வைக்கட்டுமா என்று கேட்டார். அது பூட்டின அலுமாரிக்குள்ளேயே கிடக்கட்டும், என் சாமியறைக்குள் வந்தால் நான் வெளியே போவேன் என்றேன். அப்போ கலிப்பரை வைக்கலாமோ, அது ஒருவரையும் கொல்லாதுதானே என்றார். அது நியாயமாகப் பட்டது. நானே என் வேலைச் சாமான்களை வைக்கிறனான்தானே, வையுங்கோ என்று விட்டேன்.

பின்னேரம் வந்து பார்த்தபோது சாமியறை மணத்தது. கலைமகளுக்கு முன்னால் பிள்ளைகளின் பழைய புத்தகங்கள், என் மைக்ரோமீற்றர், அவர் வெடிமருந்து நிறுக்கும் தராசு, நடுவில் அந்தக் கலிப்பர். சந்தனத்தைப் பன்னீரில் குழைத்துத் தாராளமாக வைத்து, அதற்கு மேல் குங்குமமும் வைத்திருந்தார். ஒரு செவ்வரத்தம்பூ வேறு. என்ன வடிவாகச் செய்திருக்கிறார் என்று எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. கும்பிட்டேன்.

விசயதசமி கழிய அவர் எல்லாவற்றையும் துடைத்துக் கீழே கொண்டுபோனார். பிறகு வந்த கிழமைகளில் வேலை முடிந்து வந்ததும் நிலவறைதான். வேட்டைக்கான நாட்கள் கார்த்திகையில். போகிறதற்கு முதல் நாள் பின்னேரம், பாலத்து நெரிசலில் கிடந்து அலுத்து வந்த நான், தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு கீழே இறங்கினேன். மேசையில் செய்து முடித்த ரவைகள் ஒரு பெட்டிக்குள் முனை மேலே பார்க்க வரிசையாக நின்றன. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வேட்டைக்குப் போடும் செம்மஞ்சள் மேலங்கியைப் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் கலிப்பரைக் கையில் எடுத்தேன். சந்தேகப்பட்டு எடுக்கவில்லை. அளவுச் சாமானைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. மூடினேன், பூச்சியம். தூக்கி மின்குமிழுக்கு நேரே பிடித்தேன்.

திரையில் பூச்சியம். தாடைக்கு நடுவில் வெளிச்சம்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். தாடையின் அடிப்பக்கத்தில், தண்டோடு சேருகிற மூலையில், மஞ்சளாக ஏதோ இறுகிப்போய்க் கிடந்தது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தேன். சந்தனம். பன்னீர் கூடிப்போய் மேலே வைத்த பொட்டிலிருந்து வடிந்து, தாடைக்குள் போய், காய்ந்து கல்லாகியிருந்தது. வெளிப்பக்கத்தை வடிவாகத் துடைத்த மனுசன் உள்மூலையைப் பார்க்கவில்லை. தாடை முழுதாக மூடவில்லை, அவரோ அந்த இடத்திலேயே வைத்துப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். கோதை நடுத்தாடையில் வைத்துத்தானே அளப்பார், அங்கே சந்தனம் இல்லை. ஆகவே கலிப்பர் ஒவ்வொரு கோதையும் இருப்பதைவிடக் கட்டையாகச் சொல்லியிருக்கிறது. வெட்ட வேண்டியதை அவர் வெட்டாமல் விட்டிருக்கிறார்.

எல்லாவற்றையும் சுரண்டித் துடைத்துவிட்டு மூடினேன். திரை பூச்சியத்துக்குக் கீழே போய் நின்றது. அங்கே வைத்துத் திரும்பப் பூச்சியப் பொத்தானை அழுத்தினேன். மருந்து போடாமல் மிச்சம் வைத்திருந்த கோதுகளை எடுத்து ஒவ்வொன்றாக அளந்தேன். ஒன்றுகூடப் புத்தகத்து எல்லைக்குள் இல்லை. பெட்டிக்குள் நின்றவற்றையும் அதே அளவில்தான் வெட்டியிருக்கிறார், குண்டு பொருத்திய பிறகு அதை அளந்து பார்க்கவும் வழியில்லை.

சொன்னேன். வந்த கோபத்தில் எப்படிச் சொன்னேனோ தெரியாது, மேலே நாய் குரைத்தது. அவர் முதலில் சிரித்துச் சமாளித்தார். ஒரு மயிரிழைதானே, சுடேக்க ஒண்டும் நடக்காது, சாமிக்கு வைச்ச சந்தனம் கெடுதல் செய்யுமோ என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பட்டறையில் இந்த மயிரிழைக்காகப் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்புகிறவள் நான். முழுவதையும் கழற்றுங்கோ என்றேன். விடிய அந்தக் கெபெக் கூட்டாளி வந்துவிடுவார், நேரம் இல்லை என்றார். அப்போ கடையில் விற்கிற ரவையை வாங்கிக்கொண்டு போங்கோ, உங்கள் கூட்டாளி அதைத்தானே சுடுகிறார் என்றேன்.

அதற்குத்தான் அவர் முகம் மாறியது. மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"இந்தக் கண்ணை எடுத்த செல்லை ஆர் செய்தது எண்டு எனக்குத் தெரியாது. எந்த நாட்டில செய்தவங்கள், அளந்து செய்தவங்களோ, அளக்காமல் செய்தவங்களோ, ஒண்டும் தெரியாது. இதுகளை நான் செய்தனான். பிழைச்சாலும் ஆருடைய கை எண்டு தெரியும். உமக்கு விளங்குதோ?"

இத்தனை வருடத்தில் அந்தக் கண்ணைப் பற்றி அவர் என்னிடம் இவ்வளவு கதைத்தது அன்றைக்குத்தான். அழுகை வந்தது. அழுதால் அவர் வென்றுவிடுவார் என்று தெரியும், அதனால் அழவில்லை.

"விளங்குது. ஆனா ஆருடைய கை எண்டு தெரிஞ்சு போனாலும் போன கண் போனதுதான். எனக்கு மற்றக் கண் வேணும். அது உங்கட மட்டும் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள்."

அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து, குண்டைக் கழற்றுகிற, சுத்தியல் போன்ற ஒரு கருவியை எடுத்து, முதல் ரவையை அதற்குள் வைத்துச் சீமெந்துத் தரையில் தட்டத் தொடங்கினார். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குண்டு கழன்று விழுந்தது. கூட்டாளியைத் தொலைபேசியில் கூப்பிட்டு மத்தியானம்தான் வெளிக்கிடலாம் என்று பிரெஞ்சில் சொன்னார். ஏன் என்று அந்த மனிதர் கேட்டிருக்கவேண்டும். என் மனுசி பரிசோதகர் என்றார், அவ்வளவுதான்.

காலையில் நான் வேலைக்கு லீவு சொன்னேன். அவர் கோதுகளைத் திரும்ப வெட்டினார், நான் துடைத்த கலிப்பரால் ஒவ்வொன்றாக அளந்து கொடுத்தேன். நான் ஓம் என்றதைத்தான் அவர் எடுத்து மருந்தும் குண்டும் போட்டார். இரண்டை வேண்டாம் என்று தூக்கி எறிந்தேன். ஒரு சின்னப் பெட்டி நிரம்பியதும் போதும் என்று எழும்பினார். கூட்டாளியின் கார் தெருமுனையில் திரும்பிப் போகும்வரை வாசலில் நின்றேன்.

அடுத்த நாள் வேலைத்தலத்தில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. தெரியாத இலக்கம், கூட்டாளியுடையதாக இருக்கலாம். அவசரத்தில் கை பட்டு மேசையில் இருந்த உதிரிப்பாகங்கள் கலைந்து உருண்டன. எடுத்துக் காதில் வைத்தேன்.

"நான்தான். என்ர போனில சார்ஜ் இல்லை. சுட்டுப்போட்டன். படேல்லை, மான் ஓடிட்டுது." அவருக்கு மூச்சு வாங்குவது கேட்டது. "ஓடினதை வடிவாப் பாத்துக்கொண்டு நிண்டனான். மரங்களுக்குள்ள போய் மறையுமட்டும் பாத்தன்."