எண்பத்திரண்டாவது நிமிடத்து கோல்

அந்தக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் ஒரே கோல் எழுபத்தொன்றாவது நிமிடத்தில் விழுந்தது என்று பதிவேட்டில் இருக்கிறது. பஸ் டிரைவர் ஒருவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். "யாரு சொன்னது? எண்பத்திரண்டு. நான் அங்கதான் இருந்தேன்" என்பார். அன்று அவரோடு வெயில் மேடையில் இருந்த எண்ணூறு பேரும் அதையேதான் சொல்வார்கள். அவர்களுக்கு ஆட்டம் என்பது வானொலியில் மூச்சண்ணன் சொன்னதுதான்.

மூச்சண்ணன் பகலில் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர். கடைசிப் பயணி இறங்கும்வரை வண்டி வந்து சேர்ந்ததாக எழுதமாட்டார். டிரைவர்கள் திட்டுவார்கள். ஆட்டம் உள்ள நாட்களில் சாப்பாட்டுத் தூக்கோடு மைதானத்துக்கு வந்து, மேற்குக் கூரையிலிருந்த வானொலி அறைக்கு அறுபது படி ஏறுவார். பந்து நடுக்கோட்டைத் தாண்டினால் கோல் கம்பம்வரை ஒரே மூச்சில் சொல்வார். பெயர் அப்படித்தான் வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் விழுந்த கோலை விட்டதும் இல்லை, விழாத கோலைச் சொன்னதும் இல்லை.

எதிரே வெயில் மேடை, பன்னிரண்டு வரிசை மரப் பெஞ்சுகள். இரண்டாம் பாதியில் சாயங்கால வெயில் அங்கே நேராகக் கண்ணில் அடிக்கும். பந்து தெரியாது. ஸ்கோர் பலகையோ அவர்கள் தலைக்கு மேலே, கூரையில். அதனால் ஐந்து பேருக்கு ஒரு டிரான்சிஸ்டர். "வெயில் பக்கத்து ஜனங்களே, கண்ணை மூடிக்கோங்க, நான் பாத்துச் சொல்றேன்" என்றுதான் மூச்சண்ணன் இரண்டாம் பாதியைத் தொடங்குவார். எதிர்ப்பக்கம் தொண்டை கிழியக் கத்தினாலும், அவர் வாயிலிருந்து 'கோல்' வந்தபிறகுதான் மேடை குதிக்கும்.

அன்று அறுபத்தெட்டாவது நிமிடத்தில் மைதானத்துத் தச்சர் மூச்சிரைக்க அறைக்குள் வந்தார். மூச்சண்ணன் மைக்கைக் கையால் பொத்தினார்.

"அண்ணே, வெயில் மேடையில மேல் வரிசைக்குக் கீழ நாலாவது தூண் பொளந்துடுச்சு. உக்காந்திருந்தா தாங்கும். எல்லாரும் ஒண்ணா குதிச்சா..." தச்சர் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார். "கோல் விழாம இருக்கணும்ணே."

"அது என் கையிலயா இருக்கு?"

"விழறது இல்ல. சொல்றது உங்க கையிலதானே?"

மூச்சண்ணன் கையை எடுத்தார். குரலில் பிசிறு இல்லை.

"வெயில் பக்கத்து ஜனங்களே, உங்க மேடையில ஒரு தூண் ரொம்பக் களைச்சுப் போச்சு. அதுக்குக் கொஞ்சம் ஓய்வு குடுப்போம். மேல் வரிசை மட்டும் எழுந்து, ரெண்டு ஓரப் படி வழியா, புல்லுக்கு நடந்து வாங்க. மத்தவங்க உக்காந்திருங்க. ஒருத்தர் ஓடினாலும் நான் வாயைத் திறக்கமாட்டேன்."

மேல் வரிசை எழுந்தது. அடுத்தது எழுந்தது. ஒலிப்பதிவுக்காரர் கிசுகிசுத்தார்: "அண்ணே, அண்ணி கீழ் வரிசையில இருக்காங்க. முதல்ல கூப்பிட்டுடுங்க."

"தூண் மேல்வரிசைக்குக் கீழ இருக்கு. அவ இருப்பா."

எழுபத்தொன்று. பந்து வலது ஓரத்திலிருந்து உயர்ந்தது, ஒரு தலை முட்டியது, வலை ஆடியது. சொந்த ஊர் அணியின் கோல். மேற்குப் பக்கம் ஆரவாரத்தில் வெடித்தது. மூச்சண்ணனின் வாய் திறந்து, அப்படியே நின்றது.

வெயில் மேடையில் அந்த பஸ் டிரைவர் பாதி எழுந்துவிட்டார். "விழுந்துடுச்சா?"

பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அண்ணன் சொன்னாரா? இல்லல்ல? உக்காருய்யா."

"எதிர்ப்பக்கம் சத்தம் கேக்குதா?" என்றது டிரான்சிஸ்டர். "கேக்கட்டும். நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. ஒன்பதாவது வரிசை, வாங்க."

ஏழாவது வரிசையில் இரண்டு பேர் படியை நோக்கி ஓடினார்கள். பேச்சு நின்றது. எல்லா டிரான்சிஸ்டரும் ஒரே நேரத்தில் ஊமையாயின. அந்த அமைதியில்தான் காலடியில் மரம் முனகுவது முதல்முறையாகக் கேட்டது என்கிறார் டிரைவர். ஓடிய இருவரும் கல்லாகச் சமைந்தார்கள்.

"நன்றி. நடங்க" என்றது குரல்.

ஐந்து. நான்கு. மூன்று. கடைசியாக, கீழ் வரிசையில் ஓர் அம்மாள் எழுந்து, குனிந்து, பெஞ்சுக்கடியில் பையைத் தேட ஆரம்பித்தார்.

"பச்சைப் பை அம்மா, பையை விட்டுட்டு வாங்க." முதல்முறையாகக் குரல் தடுமாறியது. "வீட்டுல வேற பை இருக்கு. எனக்குத் தெரியும்."

எண்ணூறு பேருக்கும் அது யாரென்று புரிந்துவிட்டது. புல்லில் நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாள் பையை எடுத்துக்கொண்டுதான் வந்தார்.

அவர் கால் புல்லில் பட்டதும் மூச்சண்ணன் ஆரம்பித்தார். வலது ஓரம், உயர்ந்த பந்து, முட்டிய தலை, ஆடிய வலை, எல்லாம் ஒரே மூச்சில். பதினொரு நிமிடப் பழைய கோல். புல்வெளியில் எண்ணூறு பேர் குதித்தார்கள். இரண்டாவது கோல் எப்போது விழுந்தது என்று மேற்குப் பக்கத்தார் திருதிருவென்று விழித்தார்கள். ஆட்டம் முடிவதற்குள் நாலாவது தூண், யாரும் தொடாமலே, மடிந்தது. மேல் மூன்று வரிசை அதோடு இறங்கியது.

கோலைத் தாமதமாக அறிவித்ததற்கு வானொலி நிலையம் விளக்கம் கேட்டது. 'பயணிகள் இறங்கிய பிறகே வருகை பதியப்பட்டது' என்று டிப்போ நடையில் மூச்சண்ணன் ஒரே வரி எழுதிக் கொடுத்தார்.

போன மாதம் மூச்சண்ணன் காலமானார். ஊர்வலத்தின் முன்னால் அந்த டிரைவர்தான் வண்டி ஓட்டினார். ஒரு நிருபர் ஜன்னலருகே போய், "எழுபத்தொன்றாவது நிமிட கோல் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்றார்.

டிரைவர் பிரேக் போட்டார். "முதல்ல நிமிஷத்தைத் திருத்தி எழுதுங்க சார். அப்புறம் பேசறேன்."