அவர் கேட்ட ஒரு வாய் சர்க்கரை

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு செத்துப்போன என் ஓரகத்தியின் பிள்ளைகள். ஒருவரையும் பிறத்தியார் வாசலில் நிற்க விட்டதில்லை. எழுத்துக் கூட்டித்தான் எனக்கு எழுத வரும். இந்த நாலு பக்கத்துக்குப் பதினோரு நாள் ஆயிற்று.

மூத்தவனுக்குச் சர்க்கரை வியாதி முற்றிவிட்டது. கால் புண் ஆறவில்லை. ஊசி போட்டுக்கொள்ளாவிட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அப்பாவைக் கொன்ன ஊசி எனக்கு வேண்டாம்" என்கிறான். அவனிடம் அப்படி நான் சொன்னதில்லை. மற்றவர்கள் சொன்னபோது மறுக்கவும் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் யுத்தம் வர இரண்டு மூன்று வருஷம் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் குடியிருந்தோம். அவர் திருச்சி கோர்ட்டில் குமாஸ்தா. அவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்ததை முதலில் பார்த்தவள் நான்தான். வைத்தியர் ஆவாரம்பூக் கஷாயம் கொடுத்தார். கேட்கவில்லை. முதுகில் ராஜபிளவை என்ற பெரிய கட்டி கிளம்பி, மனுஷர் குப்புறக் கிடந்தார். தென்னூரில் இருந்த டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "சீமையில புதுசா மருந்து கண்டுபிடிச்சிருக்காங்கம்மா. தினம் காலையில ஊசி. பொழைச்சுக்குவார்" என்றார்.

அவருடைய கம்பவுண்டர் தினமும் ஊசி போடச் சைக்கிளில் காவேரிப் பாலம் தாண்டி வருவார். சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க, நீலத் தண்ணீரில் இவர் சிறுநீரைச் சில சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். செங்கல் நிறமாக வந்தது மூன்று மாதத்தில் பச்சைக்கு இறங்கிற்று. பிளவையும் ஆறிற்று.

இனிப்பென்றால் அவருக்கு உயிர். சர்க்கரை விஷம் என்று டாக்டர் சொன்ன அன்றே சர்க்கரை, வெல்லம், தேன் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அப்படியும் கோயிலில் அக்காரவடிசலைத் தின்றுவிட்டு, அங்கவஸ்திரத்தில் வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

"நெய் வாசனை வர்றதே, யாராத்துக் கல்யாணம்?" என்பேன்.

"பெருமாளாத்துக் கல்யாணம்டி. வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

ஒரு நாள் தென்னூரிலிருந்து திரும்பியதும் சொன்னார்: "ஊசி போட்டப்பறம் வேர்த்து, கை நடுங்கினா, ஒரு வாய் சர்க்கரை போட்டுக்கணுமாம். டாக்டர் சொன்னார். கொஞ்சம் எங்கிட்ட குடுத்து வை."

எனக்குச் சிரிப்பு வந்தது. "போன வாரம் பெருமாள் மேல பழி. இந்த வாரம் டாக்டர் மேலயா?"

"சத்தியமாச் சொல்றேன்டி."

"அக்காரவடிசல் திங்கலேன்னும் சத்தியம்தான் பண்ணினேள்."

அவரும் சிரித்துவிட்டார். அதோடு விட்டுவிட்டார். கம்பவுண்டரை நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு.

நோயில் கிடந்த நாளெல்லாம் அவருக்கு ஏகாதசி விரதம் விட்டுப்போயிருந்தது. எங்கள் வம்சத்தில் யாரும் விட்டதில்லை. "உடம்புதான் தேறிடுத்தே, நாளைக்கு இருந்துடுங்கோ" என்றேன். சரியென்று தலையை ஆட்டினார். மறுநாள் காலையில் கம்பவுண்டர், "சாப்பாடு ஆயிடுச்சா மாமி? ஊசி போட்டா அரை மணிக்குள்ள சாப்பிட்டுடணும்" என்றார். "எல்லாம் ஆயிண்டிருக்கு, போடுங்கோ" என்றேன். அடுப்பே மூட்டவில்லை. மருந்து வேறு, விரதம் வேறு, ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம் என்று இருந்தேன்.

பத்து மணி இருக்கும். ஊஞ்சலில் இருந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. வேஷ்டி நனைந்துவிட்டது.

"சர்க்கரை குடுடி" என்றார்.

"ஏகாதசியன்னிக்குமா? நன்னாருக்கு!"

மறுபடி கேட்டார். நாக்குக் குழறிற்று. பிறகு என்னைப் பார்த்து, "யார் நீ?" என்று அதட்டினார். அப்போதுதான் பயந்தேன். அப்போதும் அலமாரியைத் திறக்கவில்லை. துளசி தீர்த்தம் கொடுத்தேன். கடைவாயில் வழிந்துவிட்டது. எதிராத்து மாமா ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு தென்னூர் போய் டாக்டரை அழைத்து வருவதற்குள், உடம்பு வெட்டி வெட்டி இழுத்து அடங்கிவிட்டது.

டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்தார். "காலையில சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டார்" என்றேன்.

"சர்க்கரை கேக்கலையாம்மா? அவர்கிட்ட சொல்லியிருந்தேனே."

"கேக்கலை."

பையை மூடினார். "அப்ப நான் சொன்ன மருந்தளவுதான் தப்பாப் போச்சு போல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனார். செய்யாத தப்பை அவர் ஏற்றுக்கொண்டார், செய்தவள் தூணோடு தூணாக நின்றேன்.

ஊசி போட்டே கொன்றுவிட்டான் என்று வீதியெல்லாம் பேச்சு. எங்கள் பக்கத்தில் யாரும் அந்த டாக்டரிடம் போவதில்லை என்றாயிற்று. நாலு வீடு தள்ளி ஒரு பெண்ணுக்கு இதே வியாதி, பதினாறு வயது. ஊசிக்குப் பயந்து கஷாயத்தோடு நிறுத்திவிட்டார்கள். அடுத்த தைக்கு அவள் இல்லை. அவள் தாயார் என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை.

தலை குனிந்தால் ஆறு பேரை எப்படி வளர்ப்பது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகிறது. அப்புறமும் சொல்லவில்லையே. அது பிள்ளைகளுக்காக இல்லை.

மூத்தவனே, உன் அப்பாவை ஊசி கொல்லவில்லை. அவரைப் பட்டினி போட்டவளும், கேட்டதைக் கொடுக்காதவளும் நான். நீ போட்டுக்கொள். போட்டதும் சாப்பிடு. சட்டைப் பையில் சர்க்கரை வைத்துக்கொள். உன் பெண்டாட்டியிடம் எதற்கென்று நானே சொல்கிறேன்.

குழந்தே, இங்கே வா. என் கோணல் எழுத்து உனக்குத்தான் புரியும். முதலிலிருந்து படி. உன் அப்பா, என் மூத்தவன், கூடத்தில்தான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் கேட்கும்படி உரக்கப் படி.