முனிராஜ் பேசி முடிக்கும்வரை

ஒரே நம்பரிலிருந்து அழைப்பு மேல் அழைப்பாக வந்து, எல்லாம் பாதியில் அறுந்திருந்தன. நல்ல வெயில்காலம். காலையில் வந்து உட்கார்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான்.

ஓசூரில் விவசாய மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பேனல் செய்யும் கம்பெனி எங்களுடையது. கஸ்டமர் கேரில் பல வருடம் போன் எடுத்தவள் நான். இப்போது முதலில் எடுப்பது ஏஐ குரல். கர்நாடக எல்லையோரத்து ஜவளகிரிக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் திட்டி, தமிழில் முடித்தாலும் அதற்குப் புரிந்துவிடும். அது கோட்டைவிடும் அழைப்புகளைக் கேட்டுக் காரணம் கண்டுபிடிப்பது என் வேலை.

முதல் பதிவைப் போட்டேன்.

"வணக்கம். உங்கள் பிரச்சனையைச் சொல்லுங்கள்."

"மோ... மோ..." அப்புறம் மூச்சு மட்டும்.

"மன்னிக்கவும், உங்கள் குரல் கேட்கவில்லை. நன்றி."

மற்றவையும் அப்படியே. கடைசி அழைப்பில் பின்னாலிருந்து ஒரு பெண், "எங்கிட்ட குடு, நான் பேசுறேன்" என்றார். "வே... வேணாம்" என்றது திக்கிய அந்த ஆண் குரல்.

உடனே கூப்பிட்டேன். "சார், மோட்டார் பேனல் கம்பெனியிலருந்து விஜயா பேசுறேன். நிதானமா சொல்லுங்க, போனை வெக்க மாட்டேன்."

சொன்னார். பெயர் முனிராஜ். தளி பக்கம் பாலித்தீன் கூரை போட்ட பாலிஹவுஸில் ரோஜா போட்டிருக்கிறார். பேனலில் சிவப்பு லைட் எரிகிறது, மோட்டார் ஓடவில்லை. சொட்டுநீர் நின்றதால் மொட்டுகள் தலை சாய ஆரம்பித்துவிட்டன. அடுத்து என்ன வார்த்தை வரப்போகிறது என்று பல இடங்களில் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் எடுத்துக்கொடுக்கவில்லை.

நான் சொன்னபடி அவர் பேனலை ரீசெட் செய்தும் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக்கை அனுப்பினேன். மதியத்துக்குள் பேனலில் பழுதான ரிலேயை மாற்றி மோட்டாரை ஓடவிட்டார். ஓரத்து வரிசைச் செடிகளில் மட்டும் மொட்டுகள் கருகிப்போயின.

சாயங்காலம் முனிராஜே கூப்பிட்டார். "த... தண்ணி வந்துருச்சு மேடம்." கொஞ்சம் பொறுத்து, "எ... எல்லாரும் எனக்கு பதிலா சொல்லி முடிச்சிருவாங்க. நீங்க என்னைய சொல்ல வி... விட்டீங்க" என்றார். ஏதோ சொல்ல ஆரம்பித்து, வார்த்தையைத் தேடினேன். இந்த முறை அவர் காத்திருந்தார்.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். "சத்தம் இல்லைன்னா கட் ஆகத்தாம்மா செய்யும். லைன் சும்மா கெடக்கக் கூடாதுல்ல?" என்றார். பதிவைப் போட்டுக் காட்டினேன். ஏஐ குரலைத் தயாரித்த டீமிலிருந்து கீர்த்தனா என்ற பெண் வந்திருந்தாள்.

"இன்னொரு தரம் போடுங்கக்கா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "சார், இவரு சும்மா இல்ல. பேசிட்டேதான் இருக்காரு."

மேனேஜர் பதிவை நிறுத்தினார். "சரி, மாத்துங்க" என்று மட்டும் சொன்னார்.

திக்கும் பேச்சை அடையாளம் காண அவளுடைய டீம் ஏஐ குரலைப் பழக்கியது. அதற்குப் பல வாரம் பிடித்தது. இப்போது அது, "நிதானமாகச் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது. அப்படியும் புரியாவிட்டால் எங்களிடம் தள்ளிவிடுகிறது.

மழைக்காலத்தில் முனிராஜ் மறுபடி கூப்பிட்டார். பெயர், ஊர், கோளாறு எல்லாவற்றையும் ஏஐ குரலிடமே சொல்லி முடித்தார்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொடுப்பது இதைத்தான்: பதில் தெரிந்தாலும், எதிரில் இருப்பவர் முடிக்கட்டும். அவர்களுக்குப் போட்டுக்காட்ட அந்த முதல் பதிவைப் பயன்படுத்தலாமா என்று முனிராஜிடம் அனுமதி கேட்டேன்.

"அ... அது வேணாம் மேடம். கடைசியா பேசுனதைப் போடுங்க. அதுல எம்பேரை மு... முழுசா சொல்லியிருக்கேன்" என்றார்.