பஸ் நின்ற பக்கம்

கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னால் போகும் ஒரு சந்தில், மர்சூக் நானாவின் போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது ‘கோடும் கட்டமும்’. சித்திரக்கதைகளும், கையால் வரைந்து போட்டோக்கொப்பி எடுத்து மடித்த சின்னப் புத்தகங்களும் மட்டுமே விற்கும் கடை. ஆனால் கடை என்று சொன்னால் அதை நடத்தும் லவனுக்கு முகம் சுருங்கிவிடும். ‘வெளி’ என்று சொல்லவேண்டும். அந்தச் சின்னப் புத்தகங்களையும் புத்தகம் என்று சொல்லக்கூடாது, ‘மகஸீனி’ன் தலையை வெட்டி ‘ஸீன்’ என்று சொல்லவேண்டும். கீழே இருக்கும் மர்சூக் நானாவுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. வழி கேட்கிறவர்களிடம் “மேல உள்ள கொப்பிக் கடைதானே” என்று படியைக் காட்டிவிடுவார்.

டிலானி அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். புசல்லாவைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். உயர்தரப் பரீட்சையில் சித்திரத்துக்கு ஏ எடுத்தாள். மற்றப் பாடங்கள் காலை வாரிவிட்டன. அதற்குப் பிறகு ஒரு புடவைக்கடையில் நின்றாள். நின்றாள் என்றால் உண்மையிலேயே நின்றாள், அங்கே உட்கார விடமாட்டார்கள். இங்கே உட்கார ஒரு கதிரை இருந்தது. லவனின் வெளியில் அவளுக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான். கன நாட்களுக்கு அது மட்டும்தான்.

சனிக்கிழமைகளில் வருகிறவர்களை அவள் நன்றாகப் படித்து வைத்திருந்தாள். மூன்று மணித்தியாலம் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார்கள். தாளின் மணத்தைப் பற்றிப் பேசுவார்கள். அச்சுப் புத்தகங்களெல்லாம் செத்துவிட்டன என்பார்கள். பிறகு ஒரு ஸ்டிக்கரை வாங்கிக்கொண்டு இறங்கிப் போவார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை ‘மடிப்புக் கூட்டம்’ நடக்கும். போட்டோக்கொப்பி எடுத்த தாள்களை எல்லோரும் சேர்ந்து மடித்து ஸ்டேப்ளர் ஊசி அடிப்பதுதான் கூட்டத்தின் நோக்கம். நடப்பதோ, ஏழு பேர் மடிப்பதைப் பற்றிப் பேசுவார்கள், டிலானி மடிப்பாள்.

போன வருடக் கடைசியில் அவள் தானே ஒன்று வரைந்தாள். பதினாறு பக்கம், வசனம் இல்லை. அவளுடைய அம்மா சந்திரிகாவுக்கு நடந்த கதை.

காலை ஆறரை பஸ் அவர்களுடைய தோட்டத்துப் பாலத்தடியில் நிற்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைக்காசு இல்லாமல் மாதச் சீசன் டிக்கெட்டோடு நிற்பதை டிரைவர் வளைவிலேயே கண்டுவிடுவார். கண்டதும் வேகத்தைக் கூட்டுவார். மழை நாளில் சேற்றையும் அடித்துவிட்டுப் போவார். முதல் எட்டுப் பக்கமும் இதுதான்: காத்திருப்பது, கை காட்டுவது, நனைவது. எட்டாம் பக்கத்தில் பிள்ளைகளை ஏற்றிவிட வந்த அம்மாவும் மழைக்குள் சேற்றோடு நிற்கிறாள். அடுத்த எட்டுப் பக்கத்தில் அம்மா குடையை விரித்துக்கொண்டு நடுரோட்டில் போய் நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழு பெண்கள் வந்து நிற்கிறார்கள். பஸ் நிற்கிறது. கடைசிப் பிள்ளை ஏறும்வரை அவர்கள் விலகவில்லை. அன்றிலிருந்து அந்த இடத்தில் பஸ் நிற்கிறது. கதை இவ்வளவுதான். இது யாருக்கும் விளங்காமல் போகக்கூடாது என்பதற்காகவே அவள் ஒவ்வொரு கட்டத்தையும் நாலைந்து தடவை அழித்து வரைந்தாள்.

பக்கங்களின் அடியில் இலக்கமும் போட்டிருந்தாள். லவன் அதை அழிக்கச் சொன்னான்.

“இலக்கம் போட்டா பாடப்புத்தகம் மாதிரிக் கிடக்கு. பாக்கிறவன் தன்ர வழியைத் தானே கண்டுபிடிக்கட்டும்.”

அந்த வெளியில் எந்த ஸீனுக்கும் பக்க இலக்கம் கிடையாது. அது அவர்களுடைய கொள்கை. டிலானி அழித்தாள்.

மடிப்புக் கூட்டம் வந்தபோது அவள் கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்குப் போயிருந்தாள். ஆகவே வாழ்க்கையில் முதன்முறையாக லவனும் நண்பர்களும் தாங்களே மடிக்கவேண்டி வந்தது. நான்கு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நடுவில் மடிக்கவேண்டும். மேலே இருக்கவேண்டிய முகம் கீழே போனால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். கதையின் பின்பாதி முன்னுக்கும் முன்பாதி பின்னுக்கும் போய்விடும். லவன் அப்படித்தான் மடித்தான். அவன் மடித்ததைப் பார்த்து மற்றவர்களும் மடித்தார்கள். அறுபது பிரதி. மேலே மஞ்சள் அட்டையைப் போட்டு ஊசி அடித்தார்கள். இலக்கம் இருந்திருந்தால் நேர்சரிப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். ஏழு பேரில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அழகாக இருக்கிறது என்று படம் எடுத்து இணையத்தில் போட்டார்கள்.

திங்கட்கிழமை டிலானி புசல்லாவை பஸ்ஸில் வந்திறங்கி மேலே ஏறியபோது, அவளுடைய கதிரையில் கஜாலினி இருந்தாள். கொழும்பில் ஓவியக் கண்காட்சிகளை ஒழுங்கு செய்கிறவள். அவள் வருவாள் என்று லவன் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். கையில் மஞ்சள் அட்டைப் புத்தகம். கண்கள் கலங்கியிருந்தன.

அதன் பதினாறு பக்கங்களையும் பெரிதாக்கிச் சுவரில் மாட்டப்போவதாக அவள் சொன்னாள். டிலானியின் பெயர் வாசலிலேயே வரும். திறப்பு விழாவுக்கு அவள் வந்து பேசவும் வேண்டும். டிலானிக்குக் காது சூடாகியது. அம்மாவை எந்தப் பஸ்ஸில் கொழும்புக்குக் கூட்டிப்போவது என்பதுவரை யோசித்துவிட்டாள்.

“அதுவும் அந்த முடிவு,” என்றாள் கஜாலினி. “முதல் ஒருக்கா பஸ் நிக்குது. பிறகு நிக்கிறதே இல்லை. கடைசியில மழைக்குள்ள அந்த அம்மா. தோட்டத்துப் பெண்ணுக்கு விடிவே இல்லை எண்டதை எவ்வளவு அமைதியாச் சொல்லிப்போட்டீங்கள்.”

டிலானி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். கடைசிப் பக்கத்தில் அம்மா சேற்றோடு நின்றுகொண்டிருந்தாள்.

“இது மாத்தி மடிச்சிருக்குங்க.”

லவன் திரும்பிப் பார்த்த பார்வை, விருந்தாளி முன்னால் பிள்ளை மூக்கு நோண்டியதைக் கண்ட தாயின் பார்வை. அவளைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

“ஏன் பிழை எண்டு சொன்னீர்? அவ எடுக்கிறன் எண்டு சொல்லிப்போட்டா. அப்பிடியே இருக்கட்டும். சொல்லப்போனா உப்பிடித்தான் திறமா இருக்கு.”

“எங்கம்மா தோத்துப்போன மாதிரில்ல வருது.”

“அது உம்மட அம்மா இல்லை, டிலானி. அது ஒரு பாத்திரம்.”

“ரோடு எங்க ரோடு, லவன் அண்ணா. நிப்பாட்டாம போன டிரைவர் பேருகூட எனக்குத் தெரியும்.”

அவள் உள்ளே போய் ஒரு பிரதியின் ஊசிகளைக் கழற்றினாள். சரியாக மடித்துக் கஜாலினியிடம் கொடுத்தாள். கஜாலினி பொறுமையாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுடைய கண் காய்ந்துகொண்டு வந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். ஆனால் கொஞ்சம் பள்ளிக்கூட நாடகம் மாதிரி, கடைசியில் எல்லோரும் வென்றுவிடுகிறார்கள். கொழும்பில் பார்க்கிறவர்களுக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பழைய மடிப்பில்தான் அவளால் எடுக்க முடியும். வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொன்னால் போதும்.

போகும்போது அன்பாகவே கேட்டாள். “உங்கட அம்மா இதையெல்லாம் பாக்கப்போறாவே?”

“பாக்காட்டியும் நடந்தது நடந்ததுதானுங்க.”

டிலானிக்கு ஆசை இல்லாமல் இல்லை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் போடிங் அறையில் அந்தச் சுவரையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள். தன் பெயரை வாசலில் வைத்துப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. பிறகு கண்ணாடிக் கோப்பைகளோடு கண்காட்சிக்கு வரும் சனங்கள் அம்மாவின் முன்னால் நின்று உச்சுக்கொட்டுவதையும் நினைத்துப் பார்த்தாள். உயிரோடு, நல்ல திடமாக, இன்றைக்கும் அந்த ஆறரை பஸ் கண்டக்டரை வா போ என்று பேசுகிற அம்மாவுக்கு முன்னால். இவர்களுக்கு அம்மா அழுதால் கலை, வென்றால் பள்ளிக்கூட நாடகம். வியாழக்கிழமையே அவள் கஜாலினிக்குச் செய்தி அனுப்பினாள்: சரியான ஒழுங்கில் போடுவதென்றால் போடுங்க, இல்லாவிட்டால் வேண்டாம். பதிலுக்கு ஒரு பூவின் படம் வந்தது. அதன் அர்த்தம் என்ன என்று கேட்க அவள் மினக்கெடவில்லை.

மிச்சம் ஐம்பத்தொன்பது பிரதிகளையும் கீழே கொண்டுபோய், கத்தரிக்கோல் நுனியால் ஊசிகளைக் கழற்றி, மர்சூக் நானாவின் மேசையில் திருப்பி மடித்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் நீலப் பேனையால் இலக்கம் போட்டாள். நானா ஒன்றை எடுத்து முழுதும் பார்த்தார்.

“இப்பதான், மகள், ஒழுங்கா ஈக்குது. முந்திப் பாத்த நேரம் பஸ்காரன் பின்னுக்கு ஓடுறான்டு நெனச்சேன்.”

லவன் அவற்றை மேலே வைக்கச் சம்மதிக்கவில்லை. நீலப் பேனை இலக்கம் வெளியின் தோற்றத்துக்குப் பொருந்தாதாம். டிலானி வாக்குவாதப்படவில்லை. மேலே கதிரையில் இருந்து தன் வேலையைச் செய்தாள். புத்தகங்களைக் கீழே நானாவின் மேசையில், அடையாள அட்டைக்கும் பிறப்புச் சான்றிதழுக்கும் கொப்பி எடுக்க வருகிறவர்கள் காத்துநிற்கும் இடத்தில் அடுக்கினாள். அங்கே யாரும் தாளை மணந்து பார்க்கவில்லை. மெஷின் ஓடி முடியும்வரை புரட்டினார்கள், சிரித்தார்கள், சிலர் வாங்கிப் போனார்கள்.

ஒரு நாள் அவள் தாள் கட்டு எடுக்க இறங்கியபோது, கலகெதரப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், கொப்பி எடுத்த தாள்கள் ஆறிப்போன பிறகும் போகாமல் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தாள். இதை வரைந்தது இந்தப் பிள்ளைதான் என்று நானா காட்டிக்கொடுத்தார். அவள் டிலானியை மேலும் கீழும் பார்த்தாள்.

“எங்கட சந்தியிலயும் இதே கூத்துத்தான் புள்ள. சீசன் புள்ளையளக் கண்டா நிப்பாட்டுறானில்ல. நாளைக்கு நானும் போய் நடுவுல நிக்கட்டா?”

“தனியாப் போயிறாதீங்க,” என்றாள் டிலானி. “எங்கம்மா தனியா நின்ன மொத நாளு டிரைவர் சுத்திக்கிட்டுப் போயிட்டான். அதை நான் வரையல. மறுநாள் ஆள் கூட்டிக்கிட்டுப் போன பொறகுதான் நிப்பாட்டுனான்.”

அந்தப் பெண் புத்தகத்தைத் திரும்ப விரித்து, குடைக்குப் பின்னால் நிற்கும் தலைகளை விரல் வைத்து எண்ணத் தொடங்கினாள்.